நம்பர் எழுதாத மாடி

எங்கள் கட்டடம் நாட்டிலேயே உயரத்தில் நாலாவது. கெய்ரோவுக்குக் கிழக்கே, பாலைவனத்தில் எழுப்பிய புது நகரத்தில் அறுபத்துமூன்று மாடிகளோடு நிற்கிறது. நான் அங்கே லிஃப்ட் மெக்கானிக். இன்ஷிராஹ் அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது கீழே இரண்டு மாடிகளில் மட்டும் அலுவலகங்கள் இருந்தன. மற்ற மாடிகளில் வீடுகளெல்லாம் விற்றும் விற்காமலும் பூட்டிக் கிடந்தன.

அவளுடைய வேலை தண்ணீர் ஊற்றுவது. ஆள் இல்லாத வீட்டின் குளியலறையில், தரையில் இருக்கும் சாக்கடைத் துளைக்குக் கீழே குழாயில் ஒரு வளைவு உண்டு. அந்த வளைவில் தண்ணீர் நிற்கும்வரை நாற்றம் மேலே வராது. எங்கள் ஊர்க் காற்றில் அது பத்து நாளில் வற்றிவிடும். அதனால் மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகப் போய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி மாடியை முடிக்கும்போது முதல் மாடி வற்றியிருக்கும்.

அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கெய்ரோவில் மத்தரிய்யாப் பகுதியில் தனியாக இருந்தாள். கல்யாணமாகி ஆறாவது வருஷம் புருஷன் லிபியாவுக்கு வேலை தேடிப் போனான். போனவன் போனவன்தான். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று யாரும் வந்து சொல்லவில்லை. "நான் பாதி விதவை, மீதிப் பாதிக்குக் காயிதம் வரல" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

பயம் என்பது அவளிடம் கிடையாது. காற்று பலமாக அடித்தால் மேல் மாடிகள் லேசாக ஆடும். கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் தானாக அலையடிக்கும். அதைப் பார்த்துவிட்டு மூன்று பெண்கள் வேலையை விட்டுப் போனார்கள். இவள் மட்டும், "கட்டடத்துக்குக் குளிருது போல" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைத் திறப்பாள்.

இரண்டாம் வருஷம் மார்ச் மாதம், புழுதிக்காற்று தொடங்கிய வாரம். வெளியே பட்டப்பகலிலேயே எல்லாம் மஞ்சளாக இருந்தது. மதியத் தேநீருக்கு என் அறைக்கு வந்தவள் ரொட்டியைப் பிய்க்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரம்ஸி, மேல எந்த மாடில டைல்ஸ் போடுறாங்க?"

"எங்கயும் போடலியே அக்கா. அதெல்லாம் முடிஞ்சு மூணு வருஷமாச்சு."

"அம்பத்தொண்ணுல சாக்கடைத் துளை காஞ்சு கெடந்துச்சு. ஊத்தலாம்னு குனிஞ்சேன். உள்ளேருந்து ஒருத்தன் எண்றான். பதினேழு, பதினெட்டுனு. டைல்ஸ்காரங்க எண்ற மாதிரியே."

"கீழ் ஆபீஸ்ல யாராவது பேசியிருப்பாங்க. குழாய் வழியா சத்தம் ஏறும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். யாருப்பா அதுன்னேன். எண்றத நிறுத்திட்டான். 'பெரியம்மா, நீங்க எத்தனாவது மாடி?'ன்னு கேட்டான். தெக்கே சோஹாக் பக்கத்துப் பேச்சு. அம்பத்தொண்ணுன்னேன். நீ எந்த மாடிப்பான்னு கேட்டேன்." தேநீரை ஒரு வாய் குடித்தாள். "'தெரியல பெரியம்மா, இன்னும் நம்பர் எழுதலையே'ங்கறான்."

என் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"உனக்கு என்னமோ தெரியுது" என்றாள்.

தெரியும். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது வெளிச்சுவரை ஒட்டி, வேலையாட்களை ஏற்றி இறக்க ஒரு கூண்டு லிஃப்ட் ஓடியது. அதை ஓட்டியவன் நான். மாடிச் சுவர்களில் அப்போது நம்பர் எழுதியிருக்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் இரும்புக் குழாயைத் தட்டிக் கூப்பிடுவார்கள், சத்தத்தை வைத்து நான் நிறுத்துவேன். இதே மாதிரி ஒரு புழுதி நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பகீத் என்ற டைல்ஸ்காரன் தட்டினான். நான் ஒரு மாடி தள்ளி நிறுத்திவிட்டேன். கண்ணெதிரே கை தெரியாத புழுதி. கூண்டு வந்துவிட்டதென்று நினைத்து அவன் கால் வைத்துவிட்டான். உடலைச் சோஹாக்குக்கு அனுப்பினார்கள். எந்த மாடியிலிருந்து விழுந்தான் என்று விசாரித்தார்கள். யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். இதற்கு முன் யாரிடமும் நான் அதை முழுதாகச் சொன்னதில்லை. அவள் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "வா" என்றாள்.

ஐம்பத்தொன்றாம் மாடிக் குளியலறையில் மண்டியிட்டு அந்தத் துளையில் காதை வைத்தேன். சாக்கடை வாடை. அதற்கு அடியில் எங்கோ ஒரு குரல் நிதானமாக, "இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு" என்றது. என் மூச்சு பட்டதும் நின்றது. நான் எழுந்து படிக்கட்டுக்கு ஓடிவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் அந்தத் துளையில் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் அடைபட்டுவிடும், அவன் பேச்சு கேட்காது என்றாள். தினமும் போய் அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அவன் அதிகம் பேசுவதில்லையாம். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்களா என்று கேட்பானாம். பசிக்கவில்லை, ஆனால் கூண்டு ஏன் இன்னும் வரவில்லை என்பானாம்.

பதினோராம் நாள் காலையிலேயே, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர் ஷெரீப் வந்தார். வீடு வாங்கும் குடும்பம் ஒன்றை மேலே கூட்டிப்போயிருந்தார். நாற்றம் தாங்காமல் அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

"தண்ணி ஊத்துறதுக்குத்தான உன்ன வெச்சிருக்கோம்? அதுகூட முடியலன்னா வீட்டுல உக்காரு."

"நாளைக்கு ஊத்திடுறேன் எஞ்சினியர். இன்னிக்கு ஒரு நாள் விடுங்க."

"இன்னிக்கு என்ன விசேஷம்?"

"ஒரு ஆள கீழ கொண்டுவிடணும்" என்றாள். வேலைக்காரப் பெண்களில் யாரோ என்று நினைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அன்று பத்து மணிக்கு அவள் அந்தத் துளையிடம் குனிந்து, "பகீத், கூண்டு வராதுப்பா. படி வழியா இறங்கிடலாம். நான் ஒவ்வொரு மாடியா நம்பர் சொல்றேன், நீ கூடவே வா" என்றாள். பிறகு இறங்கத் தொடங்கினாள். ஒவ்வொரு மாடியிலும், பத்து நாளாக அவள் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்த அதே வரிசை வீட்டைத் திறந்து, குளியலறைக்குப் போய்க் குனிந்து சொன்னாள். "அம்பது." "நாப்பத்தொம்பது." நான் சாவிக்கொத்தோடு முன்னால் போய்க் கதவுகளைத் திறந்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. ஜன்னல்களுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வெறும் மஞ்சள்.

முப்பத்தொன்றாம் மாடியில் குனிந்தவள் நிமிரவில்லை.

"என்ன அக்கா?"

அவள் கையமர்த்தினாள். துளையைப் பார்த்துத்தான் பேசினாள். "ஆமா ராசா. விழுந்துட்ட." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்ல, இப்ப வலிக்காது. நீ வா."

அடுத்த ஐந்து மாடிகளில் அவள் நம்பர் சொன்னதற்குப் பதில் வரவில்லை. அப்படியே நின்றுவிட்டானோ, பாதிவழியில் கொண்டுவந்து விட்டுவிட்டேனோ என்று முணுமுணுத்தாள். இருபத்தைந்தில் குனிந்ததும் அவள் தோள் தளர்ந்தது. "எண்றான். படியை எண்றான்" என்றாள்.

தரைத் தளத்துக்கு வந்தபோது பிற்பகல் அஸர் தொழுகை நேரம் நெருங்கியிருந்தது. காவலாளிகளின் கழிப்பறையில் கடைசித் துளை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ அவன்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

நான் மண்டியிட்டேன். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். "பகீத், நான்தான் கூண்டு ஓட்டினவன். நீ தட்டினது கேட்டுச்சு. நான்தான் தப்பான மாடில நிறுத்திட்டேன்" என்று மட்டும் வந்தது. எனக்குப் பதில் எதுவும் கேட்கவில்லை. அவள் என்னை ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள். வெகுநேரம் கழித்து எழுந்தாள்.

"என்ன சொன்னான்?"

"உன்னை ஒண்ணும் சொல்லல. கதவு எந்தப் பக்கம்னு கேட்டான்."

முன்வாசலுக்கு நடந்தாள். பெரிய கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, முதுகைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். புழுதி உள்ளே வந்து பளிங்குத் தரையில் பரவியது. "கதவ மூடும்மா, தரையெல்லாம் மண்ணு" என்று காவலாளி கத்தினான். அவள் அசையவில்லை. ஒரு ஆள் நிதானமாகக் கடந்து போகும் நேரம் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள்.

மறுநாள் மஞ்சள் கேனோடு ஐம்பத்தொன்றுக்குப் போனோம். காதை வைத்தோம். காற்று மட்டும் இரைந்தது. அவள் ஒரு கேன் முழுவதையும் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் வேலை பார்த்தாள். அன்றைக்கு இறங்கியதில் முழங்கால் போனது போனதுதான். அதற்கப்புறம் அவளை எந்தப் படியிலும் நான் இறங்கவிட்டதில்லை, லிஃப்டைக் கொண்டுபோய் நிறுத்துவேன். அதில் மூன்றாம் வருஷம் அவள் ஒரு காரியம் செய்தாள். நீதிமன்றத்துக்குப் போய், லிபியாவுக்குப் போன புருஷன் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லி மனு கொடுத்தாள். நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். தீர்ப்பு வந்த அன்று வீட்டில் அவன் பெயருக்குக் குர்ஆன் ஓத வைத்து, தெரு முழுக்கச் சோறு போட்டாள். நானும் போய்ச் சாப்பிட்டேன். வழியனுப்ப வாசல்வரை வந்தவள், "எங்க விழுந்தானோ, யாரு நம்பர் சொன்னாங்களோ" என்றாள். அப்புறம் பாத்திரம் கழுவ உள்ளே போய்விட்டாள்.