சதுப்பில் நான் பிடுங்கிய பதினொரு குச்சிகள்

கொடகவெலவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ஒரு சதுப்பு இருக்கிறது. அம்மா அங்கே பாத்தி கட்டிக் கங்குன் கீரை போடுகிறார். போன மாதம் மூன்று பேர் வந்து சிவப்புப் பெயிண்ட் அடித்த குச்சிகளை நட்டார்கள். அரிய செடியும் மீனும் இருக்கின்றன, சதுப்பைப் பழையபடி ஆக்கப் போகிறோம் என்றார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பாத்தி வைத்திருப்பவர்கள் ஒரு சம்மதப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். திங்கட்கிழமை வாய்க்கால் வெட்டுவார்களாம்.

எங்கள் பக்கம் சேற்றில் யாராவது குச்சி நட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மாணிக்கக் கல் எடுக்கக் குழி வெட்டுவார்கள், பாத்தி போய்விடும். அவர்கள் போனதும் பதினொரு குச்சிகளையும் பிடுங்கி அடுப்புக்குப் பின்னால் விறகோடு ஒளித்து வைத்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். புது ஆட்களிடம் கேள்வி கேட்க எனக்கு வாய் வராது. குச்சி பிடுங்க வாய் தேவையில்லை.

நிவித்திகலப் பக்கம் இதே ஆட்கள் ஒரு சதுப்பை ஏற்கெனவே சரிசெய்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போகவில்லை.

"மீனுக்கு வீடு கட்டுறாங்களாம். லயத்துக்குத் தகரம் மாத்த ஆளக் காணோம். என்னான்னு பாத்துட்டு வருவோம், வா" என்றார்.

காலை 6.10க்குப் பஸ். இரத்தினபுரிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், ஆளுக்கு 170 ரூபா. அங்கிருந்து 8.20க்கு நிவித்திகல பஸ், 90 ரூபா. கடைசி நான்கு கிலோமீட்டருக்கு த்ரீவீல், 450 ரூபா. டிரைவர் சிங்களவர், தமிழும் பேசினார்.

"நங்கி, மெணிக் வாங்கவா வந்தீங்க?" என்று என்னைக் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி; மெணிக் என்றால் மாணிக்கம்.

"கல்லு இல்ல, மீன் பாக்க வந்தோம்" என்றார் அம்மா.

"மீனா? மார்க்கெட் டவுன்லதானே இருக்கு!"

சதுப்பைப் பார்த்துக்கொள்பவர் ஜெசிந்தா அக்கா, பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"எத்தன கல்லு எடுத்தாங்க?"

அக்கா சிரித்தார். "நாங்களும் அப்பிடித்தாங்க நெனச்சோம். மொத வாரமே குச்சியெல்லாம் புடுங்கி அடுப்புல வச்சு சோறாக்கிட்டோம்."

"நல்ல வேல செஞ்சீங்க."

"என்னத்த நல்ல வேல? ஒவ்வொரு குச்சியும் ஒரு செடிக்குப் பக்கத்துல நட்டது. குச்சி இல்லாத எடத்துல வெட்டுன்னாங்க, வெட்டினோம். பாதிச் செடி போச்சு. மம்பட்டி புடிச்சது நான்தான்."

மிச்சமிருந்ததைக் காட்டினார். சேம்பு போன்ற இலை, ஆனால் விரல் அகலம்தான், ஓரமெல்லாம் சுருள். நான் குனிந்து ஒரு இலையை விரலால் அளந்து பார்த்தேன்.

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. இப்படிப் பேச அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். மாணிக்க மண் கழுவினால் ஓடை பால்தேநீர் நிறமாகும். அதனால் வாய்க்கால் ஓரமாகக் கடைசிவரை நடந்து பார்த்தேன். தண்ணீர் அடிவரை தெரிந்தது. நிழலில் சின்னச் சின்ன மீன்கள், வெற்றிலை போட்ட வாய் மாதிரி மூக்குச் சிவந்து.

"ஒங்க பாத்திங்க எங்க?" அம்மா விடவில்லை.

அக்காவின் சிரிப்பு போய்விட்டது. "மேல உள்ளது இருக்கு. கீழ போச்சு. வரப்புக்குக் கீழ மட்டும் எடுப்போம்னு பேப்பர்ல இருந்துச்சு. எந்த வரப்புன்னு எழுதல. நாங்களும் கேக்கல."

திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அம்மா, நம்ம குச்சியெல்லாம் நான்தான் எடுத்தேன்."

"தெரியும். அடுப்பு ஊதுறது யாரு? பெயிண்ட் நாறுமேன்னுதான் எரிக்கல."

மாலை ஐந்து மணிக்குச் சதுப்பில் இறங்கினேன். குச்சிகள் இருந்த குழிகள் மழையில் மூடியிருந்தன. இலையை வைத்துத் தேடி ஒன்பது செடிகளைக் கண்டுபிடித்து ஒன்பது குச்சிகளை நட்டேன். இரண்டு செடிகள் கிடைக்கவேயில்லை. இருட்டும்வரை தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கையெழுத்துப் போடவில்லை. "எந்த வரப்புன்னு எழுதிட்டு வாங்க" என்றார். பேப்பரை எடுத்துப் போனார்கள். இன்னும் கொண்டு வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: நிவித்திகல டவுனிலிருந்து திரும்ப மூன்று மணிக்குள் பஸ் ஏறுங்கள். அட்டை கடிக்காமலிருக்க, காலில் சவர்க்காரம் தடவிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ச் சதுப்பில் குச்சி நட்டால், பிடுங்கும் முன் எதற்கென்று கேளுங்கள். பதில் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள், அவர்கள் முன்பு வேலை செய்த இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, மீந்த இரண்டு குச்சிகளை அம்மாவின் பாத்திக்கு இரண்டு பக்கமும் நட்டுவைத்தேன். அம்மாவின் கையெழுத்து இல்லாமலே திங்கட்கிழமை வாய்க்கால் வெட்டினார்கள். ஒன்பது குச்சிகளையும் விலக்கித்தான் வெட்டினார்கள். இந்த இரண்டையும்கூட, நடுவில் இருந்த பாத்தியோடு சேர்த்து. அங்கே என்ன செடி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு வாய் வந்திருக்காது.