மடியில் திறந்தபடி போன லப்டொப்

1. கொண்டக்டர் கொண்டு வந்த செய்தி

மன்னார் பட்டினத்தில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்த காலத்தில், வெளியே பிரேக் சத்தம் கேட்டால் போதும், கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். யுத்தம் ஆளை அப்படிப் பழக்கியிருந்தது. அன்று மத்தியானம் கேட்டது பஸ்ஸின் பிரேக். கொண்டக்டர் யூட் மிதிபலகையில் நின்றபடியே கத்தினான்.

“அண்ணை, பாலத்தடிச் சென்றியில ஒரு பிள்ளையை மறிச்சு வச்சிருக்கிறாங்கள். லப்டொப் ஒண்டு கொண்டு வந்தது. உங்கட கடைக்குத்தான் எண்டு சொல்லுது.”

“என்னவாம் பிரச்சினை?”

“ஒன் பண்ணிக் காட்டச் சொன்னாங்கள். அது ஒன் ஆகுதில்லை. கெதியாப் போங்கோ.”

இளையவர்களுக்கு இது விளங்காது. அப்போது லப்டொப்போடு ஆமியின் சோதனைச் சாவடியான சென்றியைத் தாண்டுகிறவர் அதைப் போட்டுக் காட்டவேண்டும். படம் வந்தால் அது கொம்பியூட்டர். வராவிட்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் ஆளும் ஆமிக் காம்புக்குப் போகவேண்டி வரும்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் போக மனமே இல்லை. கூப்பிடாமல் சென்றிக்குப் போகிற விசரன் யார்? யாரென்றே தெரியாத அந்தப் பிள்ளையையும், தகவல் கொண்டு வந்த யூட்டையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே சீடி உறையை எடுத்தேன். ஸ்குரூ டிரைவர்களை மேசையிலேயே விட்டேன். கூரான சாமானுக்கு வேறு விளக்கம் சொல்லவேண்டி வரும்.

2. அரிசிக்குள் இருந்த பற்றரி

சென்றியின் தகரக் கொட்டிலில் ஒரு இளம் பெண் மர வாங்கில் இருந்தாள். பெயர் செல்வராணி. கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் சிறுபிள்ளைகளுக்குச் சத்துணவு கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அடையாள அட்டையில் பிறந்த இடம் மலைநாடு, இருப்பது வன்னிக் கரை, கையில் எழும்பாத லப்டொப். அங்கே பொறுப்பாக நின்ற ஆமிக் கோப்ரலுக்கு இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

மேசையில் லப்டொப் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், பழைய சீலைத் துணியில் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டிய ஒரு பொட்டலம். கோப்ரல் அதைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டினான்.

“இது என்ன? ஏன் கட்டி வச்சது?”

“பற்றரி, சேர்” என்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அது எங்கள் பக்கத்துப் பழக்கம். உப்புக்காற்றுக்குப் பற்றரியின் செப்புப் பல்லெல்லாம் பச்சை பிடித்துவிடும். அதனால் கழற்றித் துணியில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்து வைப்பார்கள். லப்டொப்பை எப்போதும் நேரே கரண்டில் போட்டே பாவிப்பார்கள். நூலை அவிழ்த்தபோது மேசையில் நாலைந்து அரிசி விழுந்தது. கோப்ரல் அரிசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நம்பினமாதிரித் தெரியவில்லை.

“எப்பிடிப் பழுதானது, பிள்ளை?” என்று அவளைக் கேட்டேன்.

“கொழும்புல இருந்து புது சிஸ்டம் சீடி அனுப்பினாங்க அண்ணே. எல்லாக் கெளையிலயும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. பாதி ஓடிக்கிட்டு இருந்துச்சு, கரண்டு போயிருச்சு. அதுக்கப்புறம் கறுப்பாத்தான் நிக்குது.”

பற்றரி உள்ளே இருந்திருந்தால் கரண்ட் போனதை அந்த மெஷின் கவனித்தே இருக்காது. அரிசிக்குள் இருந்த ஒரு பற்றரி முதலில் சிஸ்டத்தைக் கெடுத்தது, இப்போது அவளையும் வாங்கில் இருத்தி வைத்திருக்கிறது.

3. குறுக்கு வழி

சென்றி ஜெனரேட்டரில் வயரைச் செருகிப் பவரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒரு வரி வந்து நின்றது. இன்ன பைல் இல்லை என்கிற வழமையான ஒப்பாரி.

என்னிடம் சீடியிலிருந்தே ஓடுகிற ஒரு சிஸ்டம் இருந்தது. டிஸ்க்கைத் தொடாமலே படம் காட்டும். அதைப் போட்டேன். நீல நிறத்தில் திரை வந்தது, மவுஸ் அசைந்தது. முடிந்தது கதை என்று நினைத்து எழும்பினேன்.

கோப்ரல் குனிந்து பார்த்தான்.

“இது நீ கொண்டு வந்த சீடி. அவட கொம்பியூட்டர் எண்டா அவட சாமான் காட்டு.”

ஆள் மொக்கன் இல்லை. எழும்பியவன் திரும்பவும் கதிரையில் இருந்தேன். அப்போதுதான் செல்வராணி மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, பாலம் அடைக்கிறதுக்கு முன்னாடி ஆயிருமா? பாப்பாவைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்துட்டேன். இன்னும் தாய்ப்பால்தான் குடிக்குது.”

அவளது சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பார்க்காதமாதிரித் திரும்பிக்கொண்டேன். அவளது வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். மாலையில் பாலம் மூடினால் விடியும் வரை யாரும் தாண்ட முடியாது. அதற்குமேல் என்னால் கதிரையில் நேராக இருக்க முடியவில்லை. பயம் போய் எரிச்சல் வந்தது. கொழும்பில் குளிர் அறைக்குள் இருந்து சீடி அனுப்பியவனை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

4. இரண்டு கட்டளை

புது சிஸ்டம் ஏறும்போது பாதியில் நின்றால், பழையது பெரும்பாலும் செத்துப் போவதில்லை. டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். மெஷின் எழும்பும்போது முதலில் பார்க்கிற இடம் பூட் செக்டர். புதியது அங்கே தன் பெயரை எழுதிவிட்டு, மிச்ச வேலையை முடிக்காமல் நின்றிருக்கும். அங்கே பழைய பெயரைத் திரும்ப எழுத இரண்டு கட்டளை போதும்.

கட்டளை அடிக்குமுன் பற்றரியைத் துடைத்து உள்ளே போட்டேன். பல்லைச் சட்டை நுனியாலேயே தேய்த்தேன். கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறவிடவேண்டும். வெளியே வாகனங்கள் குறைந்துகொண்டிருந்தன. செல்வராணி வாசலைப் பார்ப்பாள், திரையைப் பார்ப்பாள், திரும்பவும் வாசலைப் பார்ப்பாள்.

என் உறையில் இருந்த பழைய சிஸ்டத்தின் சீடியைப் போட்டு ரிக்கவரிக்குள் போனேன். பாஸ்வேர்ட் கேட்டது.

“தெரியுமா?”

“தெரியாதுங்க. கொழும்பு சேருக்குத்தான் தெரியும்.”

வெறும் என்ரரைத் தட்டினேன். உள்ளே விட்டது. எங்கள் பக்கத்து லப்டொப் பாதிக்குமேல் அப்படித்தான், பூட்டு இருக்கும், பூட்டியிருக்காது.

முதல் கட்டளை போனது. இரண்டாவதை அடித்து என்ரர் தட்டிய கையோடு ஜெனரேட்டர் இருமியது. கொட்டில் பல்ப் அணைந்தது. செல்வராணி “ஐயோ மாதாவே” என்றாள். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவளா, இங்கே பழகிய சொல்லா, தெரியாது. நானும் அதையேதான் மனதுக்குள் சொன்னேன்.

திரை அணையவில்லை. பற்றரி தாங்கிக்கொண்டது.

சீடியை வெளியே எடுத்துவிட்டு, மெஷினை நிப்பாட்டித் திரும்பப் போட்டேன். கறுப்பு, பிறகும் கறுப்பு, பிறகு பழைய சிஸ்டத்தின் தொடக்க இசை. திரை முழுக்க ஒரு குழந்தை, பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டிருந்தது.

கோப்ரல் படத்தையும் அவளது நனைந்த சட்டையையும் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய், பாலத்தில் ஏறவிருந்த கடைசி பஸ்ஸான யூட்டின் பஸ்ஸை மறிக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். என்னிடம் திரும்பி, “பாலத்துக்கு அந்தப் பக்கச் சென்றிக்கும் சொல்லி இருக்கு. அவங்களும் பாப்பாங்க” என்றான்.

நான் அவளிடம் சொன்னேன். “பிள்ளை, இதை நிப்பாட்டாதேங்கோ. மூடவும் வேண்டாம். திறந்தபடியே மடியில வச்சுக்கொண்டு போங்கோ. பற்றரியில கொஞ்சம்தான் ஏறியிருக்கு. நிண்டுபோனால் அங்கை கரண்டுக்கு எங்க போவீங்கள்?”

நன்றி சொல்லக்கூட அவளுக்கு நேரமில்லை. பஸ் யன்னலில் அந்த வெளிச்சம் கொஞ்சத் தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. பற்றரி முடிந்ததா, தூரம்தான் காரணமா என்று தெரியாமல் அன்றிரவு முழுக்கப் புரண்டுகொண்டு கிடந்தேன்.

5. யூட் சொன்ன மிச்சம்

அடுத்த நாள் கடை திறக்க முதலே பஸ்ஸுக்காகத் தெருவில் நின்றேன். யூட் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அங்காலை ஆமி ஏறி எட்டிப் பாத்தான் அண்ணை. குழந்தைப் பிள்ளையின்ர படம் நிண்டது. சரி எண்டு இறங்கிட்டான். பஸ் வெளிக்கிட்டு, அந்த வளைவு தாண்டேக்க படம் செத்துப்போச்சு.”

“அவள் என்ன சொன்னவள்?”

“அவள் எங்கை அதைப் பாத்தவள்? கதவடியில நிண்டவள். பஸ் நிக்க முதலே குதிச்சு ஓடினவள். லப்டொப்பைச் சீற்றில விட்டிட்டு ஓடிட்டாள் அண்ணை. நான்தான் பிறகு எடுத்துக்கொண்டு போய்க் குடுத்தனான்.”

இப்போது என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகள் சிஸ்டம் ஏற்றுவதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். பற்றரி உள்ளே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன், பழைய சீடியைப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முதல் இன்னொன்றும் சொல்கிறேன். மெஷினுக்கு என்ன நடந்தது என்று கேட்கமுன், கொண்டு வந்தவர் பொழுதுபட முதல் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று கேளுங்கள்.