மன்னார் அக்காவோடு சனிக்கிழமைகள்

சனிக்கிழமை காலையில் பேருந்தில் ஏறியதும் மன்னார் அக்கா ஓட்டுநரிடம் கேட்பது ஒன்றைத்தான்: திரும்பிப் புறப்படுவது எத்தனை மணிக்கு? அவர் சொல்லும் நேரத்தை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, அப்புறம்தான் வந்து என் பக்கத்தில் உட்காருவார். மடியில் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் வைத்த டப்பா இருக்கும். மீன்வளம் படிக்க ஸ்காட்லாந்தில் நான் இருந்த அந்த ஓராண்டில், எங்கள் வகுப்பில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. நான் இராமநாதபுரத்துக்காரி. அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னாரிலிருந்து வந்தவர்.

வெளிநாட்டு மாணவர்கள் ஊர் பார்ப்பதற்காக வாரம் ஒரு பேருந்து விடுவார்கள். ஏரி, மலை, இடிந்த கோட்டை என்று ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். நான் கோட்டைகளைப் படம் எடுப்பேன். அக்காவுக்குச் செம்மறி ஆடுகள்தான் பிடிக்கும். "பாரும் தங்கச்சி, இந்த மழைக்குள்ள நிண்டு என்ன நிம்மதியாத் தின்னுதுகள்" என்று ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். ஆனால் இறங்கிய இடத்தில் எதையும் முழுதாகப் பார்க்க விடமாட்டார். பாதியிலேயே உள்ளங்கையைப் பார்ப்பார். எல்லாருக்கும் முன்னால் பேருந்தின் அருகில் போய் நிற்பார்.

கடலோரப் பாறை மேல் கட்டிய ஒரு கோட்டைக்குப் போன அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. குறுகலான படிகளில் பாதி ஏறியிருந்தோம். இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. "பாத்தது காணும், இறங்குவம்" என்று என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். "எந்த இடத்தையாவது முழுசாப் பாத்திருக்கோமா? நீங்க எதுக்குக்கா ஊர் பாக்க வாரீங்க?" என்றேன். அவர் தனியாக இறங்கிப் போனார். நான் உச்சிவரை ஏறி, பனிமூட்டத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் இறங்கி வந்தபோது, கதவு திறக்காத பேருந்தின் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார். ஆறு வயதில் அம்மாவோடு படகேறி எங்கள் பக்கத்துக் கரைக்கு வந்து, பதினாறு வயது வரை மண்டபம் முகாமில் வளர்ந்தவர் அவர். அதுவரை என்னிடம் சொன்னதேயில்லை. ஒரே ஒரு முறை அம்மா அவரை இராமேஸ்வரம் கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அன்றைக்குக் கூட்டம். வரிசை கிழக்கு வாசலுக்கு வெளியே வெகுதூரம் நின்றது. அம்மா ஒரு பூக்காரியிடம் மணி கேட்டார், அவ்வளவுதான். "பின்னேரம் முகாமில பேர் கூப்பிடுறதுக்கு முந்தி உள்ள நிக்க வேணும். அம்மா என்னை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினவ. நான் கோபுரத்தை மட்டும்தான் கண்டனான்."

அவர் முகாமில் இருந்த அதே வருடங்களில்தான் நான் வீட்டாரோடு இராமேஸ்வரம் போய் வந்துகொண்டிருந்தேன். பேருந்து மண்டபத்தைத் தாண்டும்போது நீளமாக ஒரு சுவர் வரும். "அங்கன அகதிக இருக்காக" என்பார் அய்யா. அடுத்து என்ன கேட்பதென்று எனக்குத் தோன்றுவதற்குள் பாம்பன் பாலம் வந்துவிடும். பேருந்து மொத்தமும் கடலைப் பார்க்கத் திரும்பும், நானும் திரும்புவேன். "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். "சாப்பிடும்" என்றார்.

போன மாசியில் அக்கா இராமநாதபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு இராமேஸ்வரம் கூட்டிப் போனேன். இருபத்திரண்டு கிணற்றுத் தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்ற, மூச்சு முட்டி, சிறுபிள்ளை போலச் சிரித்தார். உடை மாற்றிக்கொண்டு சாமி கும்பிட்ட பிறகு அந்த நீண்ட பிரகாரத்தை நிதானமாகச் சுற்றி வந்தோம். "இன்னொருக்காச் சுத்துவமே?" என்றார். சுற்றினோம். இரண்டாவது சுற்றில்தான் அழுதார். அவருடைய அம்மா இறந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

ஊர் திரும்பும் பேருந்து மண்டபத்தில் நின்றபோது, என்னைக் கேட்காமலேயே எழுந்து இறங்கிவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சுவருக்கு எதிரில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா இரண்டு டம்ளர்களை நீட்டிக்கொண்டே அக்காவின் பேச்சைக் கவனித்திருக்க வேண்டும்.

"எந்த ஊருத்தா நீங்க?"

நான் இலங்கை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, "இந்த ஊர்தான்" என்றார்.

"இந்த ஊரா? முப்பது வருசமா இங்கன கடை போட்டிருக்கேன். உங்கள நான் பாத்ததே இல்லையே."

"நாங்க உள்ள இருந்தனாங்கள்."

அந்த அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையால் பெஞ்சைத் துடைத்தார். "உக்காருத்தா. உள்ள எந்தப் பக்கம் உங்க வீடு?" என்று கேட்டார். நான் பத்து வயதில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.