ஸ்ரூடியோவுக்குக் கிளவுட் போட்ட கதை

கடைகளுக்குக் கிளவுட் போட்டுக் குடுக்கிறதுதான் என்ரை தொழில்; கம்பியூட்டர் படிச்ச குற்றத்துக்குச் சொந்தக்காரரின்ரை போனெல்லாம் திருத்திக் களைச்சுப்போன உங்களுக்கு என்ரை பாடு விளங்கும். மருதனார்மடத்திலை கலியாணப் படம் எடுக்கிற அண்ணை ஒருத்தரிட்டை நான் பட்டதை மட்டும் சொல்லுறன்.

வாடகைக் கதிரை

"கிளவுட் எண்டால் என்ன பிள்ளை?" எண்டு கேட்டார். "கலியாணத்துக்கு ஆரும் கதிரை வாங்கிறவையே? வாடகைக்கு எடுக்கிறம், காணாட்டில் கூட்டிறம், முடியத் திருப்பி அனுப்பிறம். இதுவும் அப்பிடித்தான். வேறை ஆரோ வைச்சுப் பராமரிக்கிற பெரிய கம்பியூட்டரிலை உங்களுக்கு வேண்டிய இடத்தை மட்டும் எடுக்கிறியள். இன்ரநெற் இருந்தால் எங்கையிருந்தும் படத்தைப் பாக்கலாம்" எண்டன். இதைவிட வடிவா ஒருத்தரும் சொல்லேலாது. ஆனால் அண்ணைக்கு ஒரு சந்தேகம்:

"வாடகைக்காரன் கதிரைக்குப் பின்னாலை தன்ரை பேரை எழுதிற மாதிரி, இவனும் என்ரை படங்களிலை எழுதிப்போடுவானோ?"

மெயின் சுவிச்

ஒரு கலியாணத்தின்ரை படமெல்லாம் அண்ணையின்ரை கம்பியூட்டரிலை இருந்து கிளவுட்டுக்கு ஏறவிட்டிட்டுப் போனன். ஒரு கிழமையாலை வந்து பாத்தால் கால்வாசிகூட ஏறேல்லை. என்ரை வேலையிலை பிழையில்லை, அது எனக்கு நல்லாத் தெரியும். பிறகுதான் கண்டன்: கடை பூட்டேக்கை அண்ணை மெயின் சுவிச்சை நிப்பாட்டி, ரவுட்டரின்ரை வயரையும் கழட்டி மேசை லாச்சிக்குள்ளை வைச்சிட்டுப் போறார். படம் ஏறி முடியுமட்டும் கம்பியூட்டரும் ரவுட்டரும் ஓடவேணும் எண்டன். அவருக்குக் கோவம் வந்திட்டுது.

"இடி விழுந்தால் உன்ரை கிளவுட்டே வந்து புதுக் கம்பியூட்டர் வாங்கித் தரும்?"

சம்மந்தியைக் காணேல்லை

ஒருமாதிரி எல்லாம் ஏறிச்சுது. கலியாண வீட்டுச் சொந்தக்காரருக்கு லிங்க் அனுப்பேக்கை, பாக்க மட்டும் விடுங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். அண்ணை, எங்கடை சனம்தானே எண்டு, அழிக்கிற உரிமையையும் சேத்துக் குடுத்திட்டார். கமராவிலையும் கம்பியூட்டரிலையும் இருந்த படங்களையும் அடுத்த கலியாணத்துக்காகத் துடைச்சிட்டார்.

அல்பம் அடிக்கிற அண்டைக்குப் பாத்தால் மாப்பிள்ளையின்ரை தாய் ஒரு படத்திலையும் இல்லை. கலியாணப் பொம்பிளை அந்த அல்பத்தை மறுநாள் மாமியாரின்ரை கையிலை குடுக்கவேணும். "என்ரை பிள்ளை அந்த வீட்டிலை எப்பிடி இருக்கப்போறாள்" எண்டு பொம்பிளையின்ரை தாய்க்காரி ஸ்ரூடியோவிலை இருந்து அழுதா. பாக்கப் பாவமாய்த்தான் இருந்தது. ஆனால் கிளவுட்டிலை அழிக்கிறது உடனை போறேல்லை, குப்பைத்தொட்டியிலை கொஞ்ச நாள் கிடக்கும். திறந்தன், சம்மந்தியம்மா அத்தனை படத்திலையும் சிரிச்சுக்கொண்டு நிண்டா. எல்லாத்தையும் திருப்பி எடுத்துக் குடுத்தன்.

அழிச்ச ஆளின்ரை பேரும் அதிலை காட்டிச்சுது: பொம்பிளையின்ரை லண்டன் பெரியம்மா, கலியாண வீட்டிலை சம்மந்தியோடை சண்டை பிடிச்சுக் கொழுவினவ. தாய்க்காரி அந்த இடத்திலையே தமக்கைக்குக் கோல் எடுத்து, ஸ்பீக்கரிலை போட்டுக் கேட்டா. பெரியம்மா ஆறுதலாச் சொன்னா:

"அவவின்ரை முகம் எனக்கு வேண்டாமெண்டு என்ரை போனிலை அழிச்சனான், அதுக்கு அங்கை உங்களுக்கு என்ன வந்தது?"

இப்ப ஒரு குடும்பத்துக்குக் கிளவுட் போட முதல், ஆர் ஆரோடை கதைக்கிறேல்லை எண்டுதான் விசாரிக்கிறன்.