கன்ட்ரோலர் படுத்த மத்தியானம்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பவர் ரூமில் அவருக்கு 'அலாரம்' என்று பட்டப்பெயர். எங்கே பீப் சத்தம் கேட்டாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். ஷிப்ட் முடிந்தாலும் கிளம்ப மாட்டார். தான் நகர்ந்தால் ஊரில் ஒரு போன் மணி அடிக்காது என்ற நினைப்பு மனிதருக்கு. மகள் நன்றாக ஓடுவாள் என்பதே அவருக்குக் கேள்விஞானம்தான்.

இத்தனைக்கும் அவர் கட்டி மேய்க்கும், எக்ஸ்சேஞ்சுக்குக் கரண்ட் கொடுக்கும் அலமாரி எந்த ஒருவரையும் நம்பி இருப்பதில்லை. உள்ளே வரிசையாக ஆறு ரெக்டிஃபயர்கள். ஏசி கரண்டை டிசியாக மாற்றி, சுமையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்ளும். பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றும். ஒன்று மண்டையைப் போட்டால் மற்றவை அதன் பங்கையும் தூக்கிக்கொள்ளும். எதையும் நிறுத்தாமலே அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். கன்ட்ரோலர்தான் மேஸ்திரி: எத்தனை வோல்ட் என்று சொல்லும், பேட்டரியைக் கவனிக்கும், கோளாறு வந்தால் கத்தும்.

அன்று மகளுக்கு ஓட்டப்பந்தயம். "இந்தத் தடவையாவது வாங்கப்பா" என்று காலையிலேயே கேட்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து பையை மாட்டும் நேரம் பார்த்து கன்ட்ரோலரின் திரை இருண்டது. புதியது மறுநாள்தான் வருமாம். 'அலாரம்' பையைக் கழற்றி வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஆறு பச்சை விளக்குகளையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்ன மனுஷனோ!

அடுத்த ஷிப்டுக்கு வந்த சக ஊழியை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாள்.

"ஐம்பத்துநாலு வோல்ட், அசையல. கன்ட்ரோலர் போனாலும் ரெக்டிஃபயருங்க செட் பண்ணி வச்ச வோல்ட்டுலயே ஓடும். டிரெயினிங்ல ஒண்ணாத்தானே படிச்சோம்?"

"ஓடும்தான். பாத்துக்க ஆள் வேணாமா?"

"அப்போ நான் என்ன சுவத்துல மாட்டின காலண்டரா? கிளம்புங்க சார்."

கிளம்பினார். வழியில் மூன்று தடவை போன் போட்டார். மூன்றாவது தடவை அவள், "மணி அடிச்சுதில்ல? அப்போ கரண்ட் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

மைதானத்தில் மகள் கோட்டில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் முகம் வெளுத்துப்போய், கோட்டை விட்டு ஓடி வந்தாள்.

"என்னப்பா ஆச்சு? உங்களை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

அவர் அவள் தோளைப் பிடித்துக் கோட்டுப் பக்கம் திருப்பினார்.

"இல்லடா கண்ணு, சும்மாதான் வந்தேன். நீ போய் ஓடு."