பஞ்சு அக்கா நிரப்பிய படிவம்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளைப் பஞ்சு அக்கா என்போம். அவள் ஊசி குத்தியதே தெரியாது, பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் தெரியும். பத்தொன்பது வருடத்தில் ஒரு குழாயில்கூட எண் மாற்றி ஒட்டியதில்லை. பக்கத்து மேசையில் நான் ஒட்டியதையும் சரிபார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

மனச்சோர்வு உள்ளவர்களின் ரத்த அணுக்களில் ஏதாவது அடையாளம் தெரிகிறதா என்று டாக்டரம்மா ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க, நன்றாக இருப்பவர்களின் ரத்தமும் வேண்டும். ஆள் பற்றவில்லை என்று அக்கா தன் தம்பியைக் கூட்டிவந்தாள். லிஃப்ட் பழுதுபார்ப்பவன். "சின்ன வயசுல நீ கடிச்சு எடுத்ததெல்லாம் பத்தலையாக்கா?" என்று கையை நீட்டினான். கூடமே சிரித்தது.

தூக்கம், பசி, மனநிலை பற்றிய இருபது கேள்விகளை அவனிடம் கேட்டு ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அவன் கிளம்பிய பிறகு இவளே மளமளவென்று டிக் அடித்தாள்.

"இதெல்லாம் அவன்கிட்ட கேக்கணுமாக்கும். என் தம்பிய எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தப்பாகப் பட்டது. பாவி நான், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா ஒரு எண்ணோடு வந்தார். "நல்லா இருக்கிறவங்க வரிசையில இது ஒண்ணு மட்டும் நோயாளிங்களோட போய் நிக்குது. இத வச்சு யாரையும் எதுவும் சொல்ல முடியாது, இன்னும் சோதனைதானே. ஆனா படிவத்துல ஒரு குறையும் இல்லையே. லேபிள் மாறியிருக்குமோ?"

தம்பியின் எண்ணைப் பார்த்ததும் அக்காவின் முகம் செத்துவிட்டது. "நான்தான் மாத்தி ஒட்டிட்டேன் மேடம்" என்றாள்.

பத்தொன்பது வருடப் பெயர் கெட்டாலும் பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது எனக்குப் புரிந்தது. டாக்டரம்மா போனதும் பதிவேட்டைப் புரட்டினாள். ஒட்டியது சரியாகத்தான் இருந்தது.

புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் தம்பியை அழைத்தாள்.

"நல்லா தூங்குறியாடா?"

"லிஃப்டுக்குள்ள தூங்கினா வேலை போயிடும்க்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "விளையாடாத. செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

"யாருக்கா சொன்னா?" என்றான்.

"எங்கடா இருக்க?"

"மொட்டை மாடில. மோட்டார் ரூம்ல."

"கீழ இறங்கி வந்து நில்லு. நான் வரேன். இறங்குடா, கண்ணு."

கையுறையைக்கூடக் கழற்றாமல், போனைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். அவள் படியிறங்கும்வரை ஸ்பீக்கர் எனக்குக் கேட்டது. அவன் சரி என்று சொல்லவே இல்லை.