தை இருபது, திங்கட்கிழமை

அனுராதா வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதற்குள் ஒரு மரக்கால் நெல்லைப் புடைத்துவிடலாம் என்பார்கள். பாபநாசத்துக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊருக்கு மருமகளாக வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பேச்சும் அன்றோடு நின்றுவிட்டது என்று அவள் அம்மா சொல்வாள். கடையில் பருப்பு வேண்டுமென்றால் விரலால் காட்டுவாள். போன் அடித்தால் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுவாள். ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது. பால்காரர் சட்டையில் ஒரு பொத்தான் மாறியிருந்தாலும் அவளுக்குத் தெரியும்.

கணவன் இளவழகனிடம் மட்டும் அவளுக்கு வாய் உண்டு. அவன் அறுப்பு மெஷின் வைத்திருந்தான். தை பிறந்துவிட்டால் ஆளைக் கையில் பிடிக்க முடியாது. மஸ்கட்டில் ஒரு கிடங்கில் ஐந்து வருஷம் வேலை பார்த்தபோது கம்ப்யூட்டரில் நிரல் எழுதக் கொஞ்சம் பழகியிருந்தான். யார் வயலுக்கு என்றைக்கு வண்டி வரும் என்று விவசாயிகளின் போனுக்குத் தானாகவே செய்தி அனுப்பும் நிரல் ஒன்றை இந்த வருஷம் உட்கார்ந்து எழுதினான்.

"இது என்ன பாஷைங்க?"

"பைத்தான். பாம்பு பேரு."

"நம்ம வயல்ல இருக்கறது பத்தலையாக்கும்."

முதல் செய்தி அதே ஊர் விவசாயி பஞ்சநதத்துக்குப் போயிற்று. தேதி கம்ப்யூட்டருக்குள் எந்தக் கோலத்தில் இருந்ததோ அப்படியே போய்விட்டது. முதலில் வருஷம், பிறகு மாதம், நாள், நடுவில் ஓர் ஆங்கில எழுத்து, அதன் பின்னால் மணியும் நிமிஷமும், வரிசையாகச் சைபர்கள். பஞ்சநதம் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, உன் வண்டி எஞ்சின் நம்பர எதுக்கு எனக்கு அனுப்பிச்சிருக்க?"

இளவழகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த எண்களை மனிதர் படிக்கும் எழுத்தாக மாற்றுவதற்கே நாலு நாள் உட்கார்ந்தான். கிழமைக்கு ஏழு தமிழ்ப் பெயர் கொடுத்தான். மாதமும் தமிழ் மாதம்தான். அந்த ஊரில் யாரும் பிப்ரவரி என்று சொல்லி அறுப்பதில்லை. மணியையும் அவன் விடவில்லை. ஒன்பதரை என்றிருந்தால் "பனி காய்ந்ததும்" என்று வரும். இரண்டு என்றிருந்தால் "உச்சி சாய்ந்ததும்" என்று வரும். சரியாக வருகிறதா என்று பார்க்க எல்லாவற்றையும் முதலில் அனுராதாவின் போனுக்கு அனுப்பினான். 'மதிப்பிற்குரிய அனுராதா அவர்களுக்கு' என்று கண்டபோது அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை, அடுத்த வாரத்துக்கான ஒன்பது செய்திகளும் புது எழுத்தில் போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் அவள் போனுக்கும் வந்தது. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே படித்தவள் முதல் செய்தியிலேயே நின்றாள்.

'பஞ்சநதம் அவர்களுக்கு. தை 20, திங்கட்கிழமை, பனி காய்ந்ததும் வண்டி வரும்.'

அடுப்படிக் காலண்டரைப் பார்த்தாள். திங்கட்கிழமை தை பத்தொன்பது. இருபது செவ்வாய்க்கிழமை.

மத்தியானம் சாப்பிட வந்த இளவழகனுக்கு நெல் சுணை ஏறித் தொண்டை அடியோடு கட்டியிருந்தது. அவள் சொன்னதும் காற்றுக் குரலில் சீறினான்.

"கணக்கு கம்ப்யூட்டர் போட்டது."

"காலண்டர் யாரு போட்டது?"

அவள் மெஷின் கொட்டகைக்குப் போய், அவன் பார்த்து எழுதிய காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி வந்தாள். சுவாமிமலை முருகன் படம் போட்டது. சாமி படத்தைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? கொட்டகை ஆணியில் மூன்று வருஷத்துக் காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. மேலே இருந்தது போன வருஷத்தது.

"போன வருஷம் பொங்கல் பதினாலாம் தேதி. இந்த வருஷம் பதினஞ்சு. இதப் பாத்தா எழுதினீங்க?"

"முருகா" என்று தலையில் கை வைத்துக்கொண்டான் இளவழகன். ஒன்பது பேருக்கும் ஒரு நாள் பிசகு. பாதிப் பேர் கிழமையைப் பார்ப்பார்கள், பாதிப் பேர் தேதியைப் பார்ப்பார்கள். இன்னொரு செய்தி அனுப்பினால் எதை நம்புவது என்று குழப்பம்தான் கூடும். வாயால் சொன்னால்தான் ஆயிற்று. அவன் போனை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நானா?"

அவன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

பஞ்சநதத்தின் எண்ணைப் போட்டுவிட்டு அனுராதா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதை எப்படியோ சொல்லி முடித்தாள்.

"தை இருபதுன்னுதானே போட்டிருந்துச்சு? நான் செவ்வாய்னு இருக்கேன்" என்றார் பஞ்சநதம். "திங்கக்கிழமை தாராசுரத்துல மகளுக்கு வளைகாப்பும்மா. வீட்டப் பூட்டிட்டு எல்லாரும் போறோம். நெல்லு அள்ள ஆளு ஏது, டிராக்டர் ஏது?"

திங்களை விட்டால் வண்டி அவர் பக்கம் திரும்பப் பத்து நாள் ஆகும். இரண்டு ஏக்கர் வரும் அவருடைய ஆறு மா வயலும் முற்றிச் சாய்ந்து கிடந்தது. இன்னும் பத்து நாள் போனால் பாதி நெல் மண்ணில் உதிர்ந்துவிடும். அது அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும்.

"என்ன செய்யறது தாயி?" அவர் குரல் இறங்கிவிட்டது.

அனுராதா கணவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது.

"வைங்க மாமா. நான் கூப்பிடறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வண்டி போக வேண்டியது ராஜகிரி சேக் தாவூதுக்கு. அவர், குத்தகை விவசாயி. ஊரில் ஒருவரையும் கேலி செய்யாமல் விட்டதில்லை. அவள் குரலைக் கேட்டதும் ஆரம்பித்தார்.

"யாரு, இளவழகன் வீட்டுத் தங்கச்சியா? அட, நீ பேசுவியா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். "உங்களுக்குத் திங்கக்கிழமையே அறுத்துக்கலாமா பாய்? செவ்வாய் பஞ்சநதம் மாமாவுக்கு வேணும். திங்கக்கிழமை அவருக்கு வளைகாப்பு."

"அவருக்கா? எத்தனையாவது மாசம்?"

அனுராதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தப் பக்கம் அவரும் சிரித்தார்.

"அவரு மகளுக்குங்க, பாய்!"

"அப்படிச் சொல்லு. என் வயலு காஞ்சுதான் கிடக்கு, சாக்கும் தயார். வரச்சொல்லு."

அதற்குப் பிறகு மிச்சம் இருந்த ஏழு பேரோடு பேசியதில் அவளுக்கு அவ்வளவு வியர்க்கவில்லை. சாயங்காலம் புதுக் காலண்டரைப் பார்த்து ஒவ்வொரு தமிழ் மாதமும் எந்தத் தேதியில் பிறக்கிறது என்று அவள் வாசிக்க, இளவழகன் தட்டச்சு செய்தான். வருஷா வருஷம் இதைப் புதிதாகப் பார்த்து எழுத வேண்டும் என்று நிரலின் தலையில் ஒரு குறிப்பும் போட்டு வைத்தான்.

செவ்வாய்க்கிழமை பனி காய்ந்ததும் வண்டி பஞ்சநதத்தின் வயலில் இறங்கியது. சாய்ந்த கதிரை வாரி நிமிர்த்திக்கொண்டே போயிற்று. சாப்பாடு கொண்டுவந்த அனுராதாவிடம் அவர் காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். பச்சைக் கண்ணாடி வளையல்.

"மக குடுத்துவிட்டா. போன்ல பேசுன அக்காவுக்குன்னு."

அவள் வரப்பிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். டிராக்டர் டிப்பரில் நெல் கொட்ட ஆரம்பித்தது. பஞ்சநதம் இரண்டு கையையும் நீட்டி அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.